ஏற்றினது வேற, விற்றது வேற!

(பட்டிமன்றத் தலைப்பு: கடைகளில் எடுக்கப்படும் விற்பனைக் கணக்கு காட்டுவது நிஜமா, நிழலா? 'நிழலே' என்ற அணியில் ஆற்றிய உரை. இடம்: மங்கலம்பேட்டை)

நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற, இன்னும் பத்து நிமிஷத்தில் சிரிக்க முடியாமல் போகப்போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மங்கலம்பேட்டைப் பெருமக்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

எங்கெங்கோ பேசியிருக்கிறேன். பிறந்த ஊரில் பேசுகிறபோதுதான் பயமாக இருக்கிறது. முன்வரிசையில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் என் அப்பாவின் மளிகைக் கடையில் கடன் சொன்னவர்கள். (சிரிப்பு) மீதிப் பாதிக்கு அப்பா கடன் தர வேண்டும். (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "இன்று எல்லாம் கம்ப்யூட்டர். எந்தக் கடையில் எந்தச் சாமான் எத்தனை விற்றது என்று விரல் நுனியில் கணக்கு வந்துவிடுகிறது. கணக்கு பொய் சொல்லாது" என்றார். ஒத்துக்கொள்கிறேன் ஐயா. கணக்கு பொய் சொல்லாதுதான். நாம் எதைக் கேட்டோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். நாம் கேட்டது ஒன்று, அது சொன்னது ஒன்று என்றால் தப்பு யாருடையது?

எங்கள் அப்பா கடைக்கே வாருங்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வருவார். கையில் ஒரு தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. விற்க வரமாட்டார், வாங்கவும் வரமாட்டார். அலமாரியில் இருக்கிற சோப்பை எண்ணுவார், பற்பசையை எண்ணுவார், பில்லை வாங்கிப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போய்விடுவார். "யாருப்பா இவரு?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரனுக்கு நம்ம கடையில என்ன விக்குதுன்னு தெரியணுமாம்டா" என்றார் அப்பா.

இந்த வித்தையை உலகத்தில் பெரிய தொழிலாக்கினவர் அமெரிக்காவில் நீல்சன் என்பவர். 1923இல் கம்பெனி தொடங்கினார். 1930களில் மருந்துக் கடை, மளிகைக் கடை என்று ஏறி இறங்கி எண்ண ஆரம்பித்தார். நம்ம நாட்டில் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இருந்தாரே, அவர் 1960இல் ஓ.ஆர்.ஜி. என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பரோடாவிலிருந்து நடந்தது. ராக்கெட் விட்ட மனிதர் சோப்புக் கணக்குக்கும் வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்! பெரியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

இந்த எண்ணிக்கைக்குச் சூத்திரம் ரொம்பச் சுலபம். போன மாச இருப்பு, அதோடு இந்த மாசம் வாங்கின சரக்கு, அதிலே இன்றைய இருப்பைக் கழி. மீதி என்ன? விற்பனை. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் எங்கள் கடையில் ஒரு எலி இருந்தது. (சிரிப்பு) அது மாசத்துக்கு நாலு சோப்பாவது கடித்துவிடும். அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். சூத்திரப்படி பார்த்தால் அது விற்பனை! கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலில் எங்கள் வீட்டு எலியும் இருந்திருக்கிறது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எலியை விடுங்கள். பக்கத்துக் கடை பாய்க்குத் திடீரென்று சரக்கு தீர்ந்துவிட்டால் அப்பாவிடம் அரை டஜன் கைமாற்றாக வாங்குவார். அதுவும் விற்பனை. விருத்தாசலம் மொத்தக் கடையில் பில் இல்லாமல் வாங்கின சரக்கு கணக்கிலேயே வராது. வீட்டுப் பரணில் இருக்கிற பெட்டியை வந்தவர் எப்படிப் பார்ப்பார்? அவர் நேர்மையான மனிதர். அப்பா டீ கொடுத்தால் கூடக் காசு கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார். எண்ணுகிறவர் யோக்கியர், கடைக்காரர் யோக்கியர், எண்ணிக்கை மட்டும் தப்பு. இதுதான் நடுவர் அவர்களே, நான் சொல்ல வருகிற வேடிக்கை.

எதிரணியில் ஒரு சகோதரி, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்றார்கள். எல்லாக் கடையையும் எண்ண வேண்டியதில்லை, சில கடையை எண்ணினால் போதும் என்பது அவர்கள் வாதம். அம்மா, நீங்கள் சமைக்கிறவர்கள், உங்களுக்கே தெரியும். பானைச் சோற்றைக் கிளறிவிட்டுத்தானே பதம் பார்க்கிறோம்? அடியில் குழைந்து, மேலே விதை விதையாக இருக்கிறபோது மேலாக ஒரு சோற்றை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சென்னைக் கடையை எண்ணிவிட்டு மங்கலம்பேட்டைக்குப் பதம் சொன்னால், அது கிளறாத பானை!

இதோ நம்ம பக்கத்து விருத்தாசலம். பீங்கான் ஊர். களிமண்ணில் அகல் விளக்கு, பொம்மை, மின்சாரத்துக்குப் ஃபியூஸ் கட்டை என்று எத்தனை குடும்பம் பிழைக்கிறது! கார்த்திகை வந்தால் அகல் விளக்கு தள்ளுவண்டியில் போகிறது, தலைச்சுமையில் போகிறது, கோயில் வாசலில் சாக்கு விரித்து விற்கிறது. எந்த இயந்திரம் அதைப் பதிவு செய்தது? பதிவு இல்லையென்றால் அந்த அம்மா விற்கவே இல்லை என்று அர்த்தமா? கடன் கேட்டுப் போகிற இடத்தில் "உங்க சரக்குக்கு மார்க்கெட் இருக்கா? கணக்கு இருக்கா?" என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? கையில் இருக்கிற களிமண்ணைத்தான் காட்டுவாள்.

(கைதட்டல்)

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். நியாயமாகப் பேச வேண்டும். இயந்திரம் வந்ததால் நல்லதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'பில்போர்டு' என்று ஒரு பத்திரிகை. எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்று வாராவாரம் பட்டியல் போடும். அந்தக் காலத்தில் எப்படிப் போட்டார்கள்? கடைக்குப் போன் பண்ணி, "என்னப்பா நல்லாப் போகுது?" என்று கேட்பார்கள். அவன் தனக்குப் பிடித்ததைச் சொல்வான், குவிந்து கிடப்பதையும் சொல்வான். 1991 மே மாசம் கல்லாவில் கோடு படிக்கிற இயந்திரத்தின் கணக்குக்கு மாறினார்கள். மாறின உடனே என்ன ஆச்சு? நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர் பாட்டும், கறுப்பு இளைஞர்களின் 'ராப்' பாட்டும் மேலே ஏறிவிட்டன. அதுவரைக்கும் அந்த ஜனங்கள் வாங்கவில்லையா? வாங்கினார்கள். கேட்கப்பட்டவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

"பார்த்தீர்களா, எங்கள் கட்சிக்கே வந்துவிட்டார்" என்று எதிரணி கைதட்டுகிறது. அவசரப்படாதீர்கள். (சிரிப்பு) அதே அமெரிக்காவில் வால்மார்ட் என்று மிகப் பெரிய கடை. 2001இல், "எங்கள் கணக்கை வெளியார் யாருக்கும் தரமாட்டோம்" என்று நிறுத்திவிட்டது. மறுபடி நீல்சனுக்குத் தர ஒத்துக்கொண்டது 2011இல். பத்து வருஷம்! கல்யாணப் பந்தியில் பெரிய சம்பந்தி வீட்டுக்காரர்களை எண்ணாமலே "இத்தனை பேர் சாப்பிட்டார்கள்" என்று சொன்ன மாதிரி. எண்ணாததை என்ன செய்வார்கள்? உத்தேசம் போடுவார்கள். உத்தேசம் தப்பில்லை. உத்தேசத்தை உத்தேசம் என்று சொல்லாமல், கடைசி இலக்கம் வரைக்கும் துல்லியமாக அச்சடிக்கிறார்களே, அதுதான் தப்பு.

வீடியோ கேம் என்று பிள்ளைகள் விளையாடுகிறார்களே, அதற்கும் இப்படி எண்ணுகிற நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் என்.பி.டி. என்ற நிறுவனம் எண்ணியது. 2023இல் அதற்குச் சர்க்கானா என்று பெயர் மாறியது. ஜப்பானில் ஃபாமிட்சு என்ற பத்திரிகை வாராவாரம் பட்டியல் போடும். வேறொரு நிறுவனமும் அங்கே தனியாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒரே வாரம், ஒரே விளையாட்டு, இரண்டு எண்ணிக்கை! எது சரி? இரண்டும் சில கடைகளைப் பார்த்துவிட்டு மீதியைப் பெருக்கிப் போட்டதுதான். இப்போது பையன்கள் கடைக்கே போவதில்லை, வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்கிறார்கள். கடை வாசலில் நின்று எண்ணுகிறவன் என்ன செய்வான்? கொல்லைப்புறம் வழியாகப் போகிறவனை அவன் எண்ணவே முடியாது.

நம்ம ஊரில் இன்னும் விசேஷம். 90களில் சென்னை பர்மா பஜாரில் ஒரு கேம் கேசட் கிடைக்கும். அட்டையில் '9999 கேம்' என்று போட்டிருக்கும். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டு இருக்கும். அதையே பெயர் மாற்றிப் பெயர் மாற்றி 9999 வரைக்கும் இழுத்திருப்பான்! (சிரிப்பு) சரக்கு மேலேயே பொய்க் கணக்கு எழுதி வைத்திருந்த ஒரே வியாபாரம் அதுதான்.

இந்த விளையாட்டு வியாபாரத்தில் உலகமே சிரித்த ஒரு கதை உண்டு. அட்டாரி என்று ஒரு கம்பெனி. 1980வாக்கில் அமெரிக்கப் பிள்ளைகளின் உயிரே அதன் கையில். கடைக்காரர்கள் பத்துக் கேட்டால் ஐந்துதான் வரும். நம்ம ரேஷன் கடை மண்ணெண்ணெய் மாதிரி. பத்துக்கு ஐந்துதான் வருமென்றால் நாம் என்ன செய்வோம்? இருபது கேட்போம். அவர்களும் கேட்டார்கள். கம்பெனிக்காரன் அந்த இருபதைப் பார்த்து, "ஆகா, நாட்டில் இருபது பேர் காத்திருக்கிறான்" என்று நினைத்து அச்சடித்துத் தள்ளினான். 1982 கிறிஸ்துமஸுக்கு 'ஈ.டி.' என்ற சினிமாப் பெயரில் ஒரு விளையாட்டு. ஐந்தாறு வாரத்தில் அவசர அவசரமாகச் செய்தது. கடைக்குப் பல லட்சம் போனது. கம்பெனி கணக்கில் அத்தனையும் விற்பனை! கடையிலிருந்து வீட்டுக்குப் போனதா? போகவில்லை. திரும்பி வந்தது. வைக்க இடமில்லை. 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு குப்பைமேட்டில் குழி தோண்டிப் புதைத்தார்கள். ரொம்ப வருஷம் இதைக் கட்டுக்கதை என்றே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தார்கள். இருந்தது! ஏழு லட்சத்துக்கு மேல் புதைத்தோம் என்று அந்த வேலையைப் பார்த்த பழைய அதிகாரியே சொன்னார். வெளியே எடுத்தது ஆயிரத்து முந்நூறு சொச்சம்.

1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அந்த வியாபாரம் 1985இல் சுமார் 10 கோடி டாலருக்கு வந்தது என்கிறார்கள். "இதுவும் யாரோ எடுத்த கணக்குதானே, இதை மட்டும் எப்படி நம்புகிறீர்கள்?" என்று எதிரணி கேட்கும். நல்ல கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. (பலத்த சிரிப்பு)

எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை போனது என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் தாய்மார்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கடைக்கு ஏற்றினது ஒரு கணக்கு. கடை வீட்டுக்கு விற்றது இன்னொரு கணக்கு. சமையலறையில் வடித்த சோறு வேற, பிள்ளை சாப்பிட்ட சோறு வேற. வடித்ததை வைத்து "என் பிள்ளை நல்லாச் சாப்பிட்டான்" என்று சொல்ல முடியுமா?

தொலைக்காட்சியில் நின்றுகொண்டு தொலைக்காட்சியைப் பற்றிப் பேசாமல் போனால் கோழைத்தனம். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சில வீடுகளில் பெட்டி வைத்துக் கணக்கெடுக்கிறார்களே, 2020இல் நாடு முழுக்க அப்படி 44,000 வீடு. நாட்டில் டி.வி. உள்ள வீடு சுமார் 20 கோடி. வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மாமியார் ரிமோட்டைப் பிடுங்கினால் நாலாயிரத்து ஐந்நூறு வீட்டில் பிடுங்கினதாக அர்த்தம்! (பலத்த சிரிப்பு) அந்த வருஷம் அக்டோபரில், சில வீடுகளுக்குக் காசு கொடுத்து ஒரு சேனலையே ஓடவிடச் சொன்னார்கள் என்று மும்பைப் போலீஸ் வழக்குப் போட்டது. செய்திச் சேனல்களுக்குக் கணக்கு வெளியிடுவதையே நிறுத்தினார்கள். மறுபடி வந்தது 2022 மார்ச்சில். வழக்கு என்ன ஆச்சு என்றால், 2024இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே யார் மேலும் நான் விரல் நீட்டவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு வீட்டுக்குப் பின்னால் நாலாயிரம் வீடு தொங்குகிறது என்றால், அந்த ஒரு வீட்டை விலைக்கு வாங்க யாருக்குத்தான் ஆசை வராது?

ஒழுங்காக எண்ணவே முடியாதா என்றால், முடியும். பத்திரிகை விற்பனையைச் சரிபார்க்க 1948இலேயே ஏ.பி.சி. என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். அச்சடித்ததை அது விற்பனை என்று ஒத்துக்கொள்ளாது. திரும்பி வந்ததைக் கழி, இலவசமாகக் கொடுத்ததைக் கழி, காசு கொடுத்து வாங்கினது எத்தனை என்று கேட்கும். தணிக்கையாளர் போய்ப் பார்ப்பார். கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த மாதிரி கேட்காத கணக்கைத்தான் நிழல் என்கிறேன்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு நிமிஷம் கொடுங்கள். எங்கள் மாமா கதையைச் சொல்லாமல் இறங்கினால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் அக்கா வீட்டுக்குள் விடாது.

என் அக்காவைக் கட்டினவர் விருத்தாசலத்தில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். 1996. தீபாவளிக்கு இரண்டு மாசம் இருக்கிறது. ஒரு ஏஜென்ட் வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். டி.வி.யில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் செட். கையில் ஒரு டைப் அடித்த லிஸ்ட். பண்ருட்டியில் நாற்பது, நெய்வேலியில் அறுபது, உளுந்தூர்ப்பேட்டையில் முப்பது. "எல்லாம் வித்தாச்சு சார். நீங்கதான் பாக்கி." மாமா லிஸ்டைப் பார்த்தார். அச்சில் இருக்கிறது, எண் போட்டிருக்கிறது. நம்பாமல் எப்படி இருப்பார்? ஒரு செட் எண்ணூறு ரூபாய், ஐம்பது செட். நாற்பதாயிரத்துக்கு எங்கே போவார்? அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பன்னிரண்டு பவுனைக் கழற்றிக் கொடுத்தது.

தீபாவளி வந்தது. விற்றது ஆறு. அதில் ஒன்று நான் வாங்கினது! (சிரிப்பு) ஏன் விற்கவில்லை? வீட்டுக்கு ஒரு டி.வி. இருந்த காலம். பையன் கேம் மாட்டினால் அம்மா நாடகம் போச்சு. எந்த அம்மா காசு கொடுத்து வாங்குவாள்? இதை அந்த லிஸ்ட் சொல்லவில்லை. எங்கள் அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

பொங்கல் முடிந்து மாமாவும் நானும் ஸ்கூட்டரில் நெய்வேலிக்குப் போனோம். "அறுபது வித்தாரே அந்த மகராசன், அவர்கிட்ட நம்ம சரக்கைத் தள்ளிவிட்டுடலாம்" என்று யோசனை. அந்தக் கடைக்காரர் எங்களை ஒன்றும் பேசாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அடுக்கி வைத்திருந்தது. ஐம்பத்து நாலு பெட்டி! அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "போன வாரம்கூட அந்த ஏஜென்ட் வந்தாருங்க. இன்னும் இருபது எடுத்துக்கங்க, உங்க பக்கத்து ஊர்ல எப்படி ஓடுதுன்னு பாருங்கன்னு இதைக் குடுத்தாரு" என்றார். டைப் அடித்த லிஸ்ட். விருத்தாசலம், ஐம்பது!

(நீண்ட கைதட்டல்)

மாமா வாங்கி ஏமாந்த ஐம்பதும் விற்ற கணக்கில் சேர்ந்துவிட்டது நடுவர் அவர்களே! ஏஜென்ட் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. ஏற்றினதைத்தான் எழுதியிருக்கிறார். அவரைக் கோர்ட்டில் நிறுத்தினாலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. பன்னிரண்டு பவுனில் ஒன்பது பவுனை ஐந்து வருஷம் கழித்து மீட்டோம். மூன்று பவுன் ஏலத்துக்குப் போய்விட்டது. அக்கா இன்றுவரைக்கும் அதைப் பற்றி மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட மாமா ஆறுதலாக இருந்திருப்பார்.

போன மாசம் பேரன் பரணில் ஏறி, பழைய பெட்டி ஒன்றைத் தூசி தட்டி இறக்கிக்கொண்டு வந்தான். "தாத்தா, இந்தப் பழைய கேம் செட்டையெல்லாம் இப்போ நல்ல விலை குடுத்து வாங்குறாங்களாம். எக்கச்சக்கமா விக்குதாம்!" என்றான். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"யாருடா சொன்னது? லிஸ்ட் ஏதாச்சும் கொண்டுவந்தானா?"

(சிரிப்பு, பலத்த கைதட்டல்)